கரைக் காவலும் பாளைப் படகும்

தாமரையேந்தல் ஏரிக்கரையில் மாசாணம் என்ற பெருச்சாளி இருந்தான். அவனுக்குக் கரைக் காவல் வேலை. அவனிடம் ஒரு பாய்மரப் படகும் இருந்தது. வேலை நாள் முழுக்க இருந்தது. படகு வருஷம் முழுக்கத் தாழம்புதருக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது.

படகு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நீளமான தென்னம்பாளை ஒன்று, அதன் நடுவே நட்ட மூங்கில் குச்சி, பாயாக ஒரு தேக்கிலை, திசை திருப்ப ஒரு மரப்பட்டைத் துண்டு. அவ்வளவுதான். மாசாணமும் அவன் சிநேகிதன் கூத்தையன் என்ற தவளையும் சேர்ந்து செய்தது. ஒரே ஒரு தடவை ஏரியின் நடுத்திட்டு வரைக்கும் போய் வந்தார்கள். காற்று பிடித்ததும் இலை படபடப்பதை நிறுத்திவிட்டுப் புடைத்துக்கொண்டது. கயிறு கையைச் சுண்டி இழுத்தது. பாளைக்கு அடியில் தண்ணீர் களகளவென்று கூடவே வந்தது. அன்றைக்கு மாசாணம் தன்னை அறியாமல் பாடினான். நன்றாகப் பாடினான் என்று சொல்ல முடியாது.

அதற்கப்புறம்தான் வடக்கே ஓர் ஏரி உடைந்த சேதி வந்தது. கொண்டு வந்தது ஒரு நாரை. கரைக்குக் கீழே குடியிருந்தவை எல்லாம் ஒரே ராத்திரியில் போய்விட்டன என்று அது சொல்லிவிட்டுப் பறந்துபோனது. தாமரையேந்தல் கரைக்குக் கீழேயும் முயல்களும் கீரிகளும் குஞ்சும் குட்டியுமாக இருந்தன. எல்லாரும் கூடி, நம் கரையை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். மாசாணம் வாயைத் திறந்து, "நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டான்.

அன்றோடு அவன் தூக்கம் போயிற்று. பெருச்சாளிகள் பகலில் தூங்குகிறவர்கள். அவன் பகலிலும் நடந்தான். கண்ணை மூடினால் கரை வாய் பிளப்பது தெரிந்தது. வீட்டிலிருந்து கரைக்கு வருகிற நேரம்கூட வீண் என்று பட்டது. அதனால் கரையிலேயே ஓர் அறை தோண்டிக்கொண்டான். படுத்தபடியே தண்ணீரைக் கவனிக்க ஏரிப் பக்கமாக ஒரு ஜன்னலும் வைத்தான். மழை பெய்து தண்ணீர் ஜன்னலுக்கு ஏறி வந்ததும், அவசரமாக ஒரு கை மண்ணை அப்பி அடைத்துவிட்டு, மேலே இன்னோர் அறை தோண்டினான். அதற்கும் ஒரு ஜன்னல். மார்கழி முடிவதற்குள் மூன்று அறைகள் ஆகிவிட்டன. மூன்றாவது ஜன்னலில் தன் கோரைப் பாயைக் காயப் போட்டிருந்தான்.

கரைக்கு எமன் நண்டுகள்தான் என்பது அவன் தீர்மானம். விரல் நுழையும் அளவு நண்டு வளையைக் கண்டாலும் களிமண்ணைத் திணித்து மிதிப்பான். கீழே இருந்து முயல் கோமளம் மூன்று தடவை வந்து, தன் வளைக்குள் ஈரம் அடிக்கிறது, குட்டிகளுக்குச் சளி பிடிக்கிறது என்று சொன்னாள். பனியாக இருக்கும் என்று அவன் சொல்லி அனுப்பினான். கரையை விட்டு இறங்கிப் போய்ப் பார்க்க அவனுக்கு நேரம் இல்லை.

கூத்தையன் மட்டும் விடவில்லை. தினமும் மத்தியானம் கீழைக்காற்று கிளம்பும் நேரத்துக்கு வந்து நிற்பான்.

"மச்சான், பாளை வெடிக்கிறது. தைக்குப் பிறகு ஏரியில் சேறுதான் மிஞ்சும். சேற்றில் ஓட்டுவாயா படகை?"

"இந்த வாரம் போகட்டும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னாய். நீ வாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறாய், அதுவும் போய்க்கொண்டே இருக்கிறது."

மாசாணத்துக்குக் கோபம் வரும். படகு விட்டுக்கொண்டிருக்கும்போது கரை போனால் யார் பதில் சொல்வது என்று கேட்பான். கூத்தையன் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் ஏரி நடுவே படகு விடத்தான் ஆசை. தனியாக விட்டால் அவ்வளவு பெரிய பாளை அவனுக்கு அடங்காது.

தை பிறந்த மூன்றாம் நாள் ஒரு தப்பு நடந்துவிட்டது. கரையோரம் புதிதாய் ஒரு வளையைக் கண்டு மாசாணம் களிமண் திணித்தான். உள்ளே அஞ்சலை என்ற நண்டு இருந்தாள். அவள் வேறு பக்கமாக மண்ணைக் கிளறிக்கொண்டு மூச்சு வாங்க வெளியே வந்தபோது, அவளுடைய கொடுக்கு ஒன்று முறிந்திருந்தது. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

கூத்தையன் அருகில் வந்தான்.

"இது காவல் இல்லை, மச்சான். நீ கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறாய். ஒரு சுற்றுப் போய் வருவோம், வா."

மாசாணம் ஒப்புக்கொண்டான். சூரியன் பனைமரக் கொண்டையைத் தொடும் வரைக்கும்தான் என்றான். கரை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான் என்றான். கூத்தையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

பாளையைத் தண்ணீரில் தள்ளினார்கள். காற்று கிழக்கிலிருந்து வீசியது. படகு கரையை விட்டுச் சுலபமாக விலகியது. மாசாணம் பின்பக்கம் திரும்பிக் கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். நடுவிலே போனதும் இலை புடைத்தது. கயிற்றைப் பிடித்திருந்த கூத்தையன் ஒரு பக்கமாகச் சரிந்தான். மாசாணம் சட்டென்று திரும்பிக் கயிற்றை வாங்கிக்கொண்டான். கை சுண்டியது. தண்ணீர் களகளத்தது. கொஞ்ச நேரம், மிகக் கொஞ்ச நேரம், அவன் கரையை மறந்துபோனான்.

திரும்பும்போது காற்று எதிரே வந்தது. நேராக வர முடியாது. கோணல் மாணலாகத்தான் வர வேண்டும். ஒரு கோணலில் படகு கரையை ஒட்டியே வந்தது. அப்போது முன்னால் மிதந்த அல்லிச் சருகு ஒன்று தானாகச் சுற்றியது. இன்னும் சுற்றியது. பிறகு முழுகிப்போனது. அது முழுகிய இடத்தில் தண்ணீர் சின்னதாகக் குழிந்து சுழன்றது.

"ஓட்டை!" என்று அலறினான் மாசாணம். "பார்த்தாயா, நண்டு போட்ட ஓட்டை. நான் சொன்னேனா இல்லையா?"

கூத்தையன் மேலே பார்த்தான். மாசாணமும் பார்த்தான். சுழிக்கு நேர் மேலே, கரையில், ஒரு கோரைப் பாய் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அது அவனுடைய பாய், அதற்கு நேர் கீழே அவனுடைய அறைகள். முதல் அறை. முதல் ஜன்னல். அவசரத்தில் அப்பிய ஒரு கை மண்.

கரையின் மேலே நின்று பார்த்தால் அந்தச் சுழி ஒரு நாளும் தெரியாது. தண்ணீரில் இருந்தால்தான் தெரியும். அவன் மழைக்காலம் முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறான். அதன் மேலேயே படுத்திருக்கிறான். கோமளத்தின் வளையில் அடித்த ஈரம் பனி இல்லை.

கூத்தையன் முங்கிப் பார்த்துவிட்டு வந்தான். கையை விட்டால் தோளோடு இழுக்கிறது, மண் போட்டால் நிற்காது என்றான். மாசாணம் ஒரு கணம் யோசித்தான். பிறகு மூங்கில் குச்சியிலிருந்து தேக்கிலையை அறுத்து எடுத்துக் கொடுத்தான். கூத்தையன் அதைக் கொண்டுபோய் ஓட்டை வாயில் விரித்தான். தண்ணீர் இழுத்த வேகத்தில் இலை சப்பென்று ஒட்டிக்கொண்டது.

இலை எவ்வளவு நேரம் தாங்கும்? அதன் மேல் களிமண் வேண்டும். தண்ணீருக்கு அடியில் களிமண் வைக்கத் தெரிந்தவர்கள் நண்டுகள்தான்.

மாசாணம் படகில் மண்டியிட்டுத் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டான். அஞ்சலை மேலே வந்தாள். ஒற்றைக் கொடுக்கோடு வந்தாள்.

"அக்கா, உன் வாசலை அடைத்தது தப்பு. கரையில் ஓட்டை என்னுடையது. கீழே குட்டிகள் இருக்கின்றன."

"ஓட்டை உன்னுடையது என்று எங்களுக்கு முன்பே தெரியும், தம்பி" என்றாள் அஞ்சலை. "சொல்ல வந்தவர்கள் வாயில்தான் நீ களிமண் வைத்தாய்."

அவன் தலை குனிந்தான். அவள் தண்ணீருக்குள் போனாள். தன் கூட்டத்தைக் கூட்டி வந்தாள். சூரியன் பனைமரத்தைத் தொட்டது, தாண்டியது. நண்டுகள் உருண்டை உருண்டையாகக் களிமண் கொண்டுவந்து அழுத்தின. குழிவு ஆழம் குறைந்தது, மெல்லச் சுழன்றது, கடைசியில் தண்ணீர் சமமாகியது.

மறுநாள் கூட்டத்தில் மாசாணம் எல்லாவற்றையும் சொன்னான். தன்னை விரட்டிவிடுவார்கள் என்று நினைத்துப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டே வந்திருந்தான். முயல் கோமளம் எழுந்தாள். காவலை ஒருத்தன் தலையில் கட்டிவிட்டு நாம் தூங்கினோமே, அதற்கு என்ன பெயர் என்று எல்லாரையும் கேட்டாள். அன்றிலிருந்து காவல் முறை வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மாசாணத்துக்கு ஐந்து நாளைக்கு ஒரு நாள். மூன்று அறைகளையும் அவனே மண் இடித்து நிரப்பிவிட்டுப் பழைய வீட்டுக்குத் திரும்பினான்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது போகவில்லை. அடுத்த வாரம் புது இலையைக் கட்டும்போதும் அவன் கையில் முடிச்சு இரண்டு தடவை நழுவியது. கரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றான்.

"பார்க்கலாம்" என்றான் கூத்தையன். "முதலில் முன்னால் திரும்பி உட்கார்."

மாசாணம் திரும்பி உட்கார்ந்தான். இலை கொஞ்சம் படபடத்தது. பிறகு புடைத்துக்கொண்டது.

தன் வேலையை விட்டு ஒரு நாழிகையும் விலகத் தெரியாதவன், அந்த வேலையில் தானே ஓட்டை போட்டுவிட்டு அதன் மேலேயே காவல் நிற்கிறான்.