உறைமோருக்கு விலை இல்லாமல் போன கதை

அந்தக் காலத்தில் எருமையும் பேசும், பூனையும் பேசும். மனிதர்கள் அதுகளுக்குப் பதிலும் சொல்வார்கள். யாரும் அதை அதிசயமாக நினைத்ததில்லை.

அப்போது வேலங்கரை என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. கண்மாய்க் கரையை ஒட்டிக் கொஞ்சம் வீடுகள். எல்லா வீட்டிலும் எருமை நிற்கும். சாயங்காலம் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவைத்து, ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடுவார்கள். விடிந்தால் தயிர். ஒரு வீட்டு உறைமோர் கெட்டுப்போனால் அடுத்த வீட்டில் கிண்ணத்தை நீட்டுவார்கள். அந்த வீட்டில் கெட்டுப்போனால் அவர்கள் இங்கே வருவார்கள். தயிர் மட்டும் இல்லை, உப்பு, பானை, அடுப்புக்கு நெருப்பு எல்லாமே அப்படித்தான். இருக்கிறவர்கள் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் வாங்கினார்கள். நாளைக்கு அது மாறும், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு வியாபாரி வந்தான். ஊரில் இருந்த நெய்யை எல்லாம் எடுத்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று சோழிகளைக் கொட்டினான். "இதைக் கொடுத்தால் எந்த ஊரிலும் எது வேண்டுமானாலும் கொடுப்பார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த ஊரிலேயே அதிக எருமை வைத்திருந்தவள் மூக்காயி. அவளுக்குத்தான் அதிகச் சோழி. ஒரு பை தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி உறைமோர் கேட்டு வந்தபோது மூக்காயி சொன்னாள்:

"ஒரு கரண்டிக்கு ஒரு சோழி."

பக்கத்து வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். மூக்காயி சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவள் ஒரு சோழியைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனாள். போனவள் சும்மா இருப்பாளா? தன் வீட்டுக்கு நெருப்பு எடுக்க வந்தவளிடம் அவளும் ஒரு சோழி கேட்டாள். இப்படியே ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அதே ஊரில் இருளாயி என்று ஒருத்தி இருந்தாள். நாலு பேர் நடுவில் வாயே திறக்க மாட்டாள். புருஷன் ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு தூரத்து மேய்ச்சலுக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும், இன்னும் நடை பழகாத மகள் பூவாயியும், காரி என்கிற எருமையும், ஒரு பூனையும்தான். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து போன பிறகு வயிறு எதையும் ஏற்கவில்லை. பால் கொடுத்தால் கக்கிவிடும். கஞ்சியில் மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்தால் மட்டும் தங்கும். அந்த மோரில்தான் குழந்தையின் உயிர் இருந்தது.

ஒருநாள் உப்பு மூட்டை ஏற்றிய மாட்டோடு ஓர் உப்புக்காரி அந்த வழியே வந்தாள். வீடு வீடாக நின்று, "தாயி, கொஞ்சம் உறைமோர் இருந்தா குடுங்க. எங்க பக்கத்துல கெட்டுப்போச்சு" என்று கேட்டாள். அவளிடம் சோழி இல்லை. ஊர் முழுக்கக் கதவைச் சாத்தினார்கள். இருளாயி மட்டும் ஒரு கலயம் நிறையக் கொடுத்தாள்.

மூக்காயி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏ இருளாயி, கண்மாய்த் தண்ணின்னு நெனச்சியா, மோந்து மோந்து ஊத்துற? அவ எந்த ஊருன்னாவது கேட்டியா?"

"கேக்கலை மதினி."

"ஊர் பேரு தெரியாதவளுக்குக் கொடுத்தா அது எப்படித் திரும்பி வரும்?"

இருளாயி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

கத்திரி வெயில் வந்தது. வழக்கம்போல ஒவ்வொரு வீட்டிலும் உறைமோர் கெட ஆரம்பித்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் கிண்ணத்தை நீட்டவில்லை. சோழி தீர்ந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்தார்கள். சோழி இருந்தவர்கள் விலை குறையட்டும் என்று இருந்தார்கள். புளியைக் கரைத்து விட்டுப் பார்த்தார்கள். பால் திரிந்ததே தவிர உறையவில்லை. மிளகாய்க் காம்பைப் போடலாமே என்பீர்கள். அப்போது மிளகாயே இந்தப் பக்கம் வரவில்லை.

இருளாயியின் பானை வேறு விதமாகப் போயிற்று. உறியிலிருந்து விழுந்து உடைந்து கிடந்தது. பக்கத்தில் பூனை உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

"நான் தள்ளலை. அதுதான் என்மேல விழுந்துச்சு" என்றது பூனை.

"பொய் சொல்லாதே" என்றது காரி, வெளியிலிருந்து. "மீசையைத் துடைச்சிட்டாவது சொல்லு."

இருளாயி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூக்காயி வீட்டுக்கு ஓடினாள். ஊரில் நல்ல உறைமோர் அங்கே மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"மதினி, புள்ளைக்கு மோர் வேணும். பால் தங்க மாட்டேங்குது."

"மடி நிறையச் சோழி கொண்டா, தாரேன். ஊருக்கே இப்ப எங்கிட்டதான் இருக்கு. உனக்குச் சும்மா கொடுத்தா எல்லாரும் சும்மா கேப்பாங்க."

இருளாயியிடம் இருந்தது ஒரு கைப்பிடி கூட இல்லை. திரும்பி வந்தாள். இதில் ஒரு வேடிக்கை. மூக்காயியும் விலை இன்னும் ஏறட்டும் என்று அந்த உறைமோரை எடுத்துப் புதுப் பாலில் விடாமல் இறுக மூடியே வைத்திருந்தாள். கொஞ்சமாவது தினம் எடுத்துப் புதுப் பாலில் விட்டால்தானே அது உயிரோடு இருக்கும்? மறுநாள் திறந்தபோது மேலே பச்சைப் பூசணம். கரண்டியைவிட்டுத் தூக்கினால் நூல் நூலாக வந்தது. அவ்வளவுதான், வேலங்கரையில் ஒரு சொட்டு உறைமோர் இல்லை.

பூவாயி அழுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் இருளாயிக்குப் பயமாக இருந்தது.

அவள் குழந்தையைத் தூக்கிக் காரியின் முதுகில் உட்காரவைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எங்கே?" என்றது காரி.

"உப்பளத்துக்கு. அந்த உப்புக்காரிகிட்ட இருக்கும்."

"அந்த வெயில்லயா? என் தோலு என்ன தோலுன்னு தெரியும்ல? நான் தண்ணிக்குள்ள கிடக்கப் பிறந்தவ."

"நீ வரலேன்னா நான் தூக்கிட்டு நடப்பேன்."

காரி அவளை ஒரு பார்வை பார்த்தது. இவள் நிஜமாகவே நடப்பாள் என்று அதற்குப் புரிந்தது. முனகிக்கொண்டே கிளம்பியது.

உப்பளத்தில் விசாரித்து அந்த உப்புக்காரியைக் கண்டுபிடித்தார்கள். அவள் இருளாயியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவளிடம் உறைமோர் இல்லை.

"என் மாடு மிரண்டு கலயம் வழியிலேயே உடைஞ்சுபோச்சு, தாயி. ஆனா அதுக்கு முன்னாடியே குயவர் வீட்டுச் செம்பாயிக்குக் கொஞ்சம் ஊத்திட்டு வந்தேன். அவகிட்டப் போ."

குயவர் வீடு வந்த வழியிலேயே திரும்பி, ஓடையைத் தாண்டிப் போகவேண்டும். போனார்கள். செம்பாயி கையெல்லாம் களிமண்ணாக வெளியே வந்தாள். முன்பின் தெரியாத இருளாயி வாயைத் திறக்குமுன்பே குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். மோரைக் கஞ்சியில் கரைத்துக்கொண்டு வந்தாள். பூவாயி குடித்தாள். இருளாயியும் செம்பாயியும் காரியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி தங்கியது.

பிறகு செம்பாயி ஒரு சின்னப் புதுக் கலயத்தில் உறைமோர் ஊற்றிக் கொடுத்தாள்.

"நான் பதிலுக்கு என்ன தர?" என்று இருளாயி தயங்கினாள்.

"எனக்கா? எனக்கே இது சும்மா வந்ததுதான். உப்புக்காரி கொடுத்தா. அவளுக்குக் கண்மாய்க் கரையில எவளோ ஒரு புண்ணியவதி கொடுத்தாளாம். ஊர் பேருகூடக் கேக்காம."

காரி உடனே வாயைத் திறந்தது. இருளாயி அதன் காதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். காரி வாயை மூடிக்கொண்டது.

ஓடை தாண்டிய பிறகுதான் அது கேட்டது: "ஏன் சொல்ல விடலை?"

"சொன்னா அவ திருப்பிக் கொடுத்த மாதிரி ஆயிடும். அவ கொடுத்ததாவே இருக்கட்டும்."

வேலங்கரைக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் குழந்தைக்கு இரண்டு தடவை கொடுத்ததில் கலயத்தில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. ஒரு பானைப் பாலுக்கு விடலாம், அதற்குமேல் வராது. காரி வேறு, "எங்கிட்டப் பால் கேக்காதே. நடந்த நடையில மடியே வத்திப்போச்சு" என்றது. அன்றைக்கே புதுப் பாலில் விடாவிட்டால் அந்த வெயிலுக்கு அதுவும் கெட்டுவிடும்.

ஊரே கூடிவிட்டது. "எங்க வீட்டுப் பால்ல விடு", "எனக்குக் கொடு இருளாயி, நான் உனக்குப் பாதி தாரேன்" என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். மூக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்புப் பையை அவிழ்த்து இருளாயியின் காலடியில் வைத்தாள்.

"மொத்தத்தையும் எடுத்துக்க. கலயத்தைக் கொடு."

"சோழிக்குத் தரமாட்டேன், மதினி."

"அப்ப எனக்குக் கிடையாது. அதானே?"

"உங்களுக்குத்தான் தரப்போறேன். சும்மா."

மூக்காயிக்கு முகம் சிவந்துவிட்டது.

"சும்மா வாங்குறவ நான் இல்ல. நாளைக்கு நீ சொல்லிக் காட்டுவே. உங்க வீட்டுத் தயிர் நான் போட்ட பிச்சைன்னு ஊரெல்லாம் சொல்லுவே."

"சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலையில நான் உங்க வாசல்ல வந்து கிண்ணத்தை நீட்டுவேன். நீங்க எனக்குச் சும்மா கொடுங்க. அப்ப யாரு யாருக்குக் கொடுத்ததுன்னு யாருக்கும் தெரியாது."

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். "அது அவகிட்டப் போனா ஊரையே வித்துடுவா! உன் புள்ளைக்கு?"

காரியும் மெதுவாகச் சொன்னது: "இருளாயி, உனக்குன்னு ஒரு சொட்டாவது வச்சுக்க."

இருளாயி மனசில் ஓடியது இதுதான். விலையை முதலில் வைத்தவள் மூக்காயி. அவள் கையாலேயே அது போகவேண்டும். வேறு யாருக்குக் கொடுத்தாலும் மூக்காயி விலைக்குத்தான் வாங்குவாள், விலைக்குத்தான் விற்பாள். ஊர் இப்படியேதான் இருக்கும். அடுத்த கோடையில் இன்னொரு வீட்டுக் குழந்தை அழுவதை நிறுத்திவிடும். இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. செய்யத்தான் தெரிந்தது. நேராக மூக்காயி வீட்டு அடுப்படிக்குள் போனாள். அங்கே இருந்த பெரிய பானைப் பாலில் விரலை வைத்துச் சூடு பார்த்தாள். கலயத்தைக் கவிழ்த்தாள். பானையை மூடிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

விடிந்தது. மூக்காயி வாசலில் ஊரே நின்றது. சிலர் கையில் கிண்ணம், சிலர் மடியில் சோழி. மூக்காயி பானையைக் கொண்டுவந்து வைத்துத் திறந்தாள். கல் மாதிரி உறைந்திருந்தது தயிர்.

இருளாயி முன்னால் வந்தாள். இடுப்பில் பூவாயி, கையில் காலிக் கிண்ணம். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் நீட்டினாள்.

"மதினி, கொஞ்சம் உறைமோர் கொடுங்க."

மூக்காயியின் ஒரு கை கரண்டியில் இருந்தது. இன்னொரு கை, பழக்கதோஷம், மறுபடியும் கட்டிக்கொண்ட இடுப்புப் பையில் இருந்தது.

"நெசமாவே ஒரு சொட்டுக்கூட வச்சுக்கலையா?"

"இல்லை."

"நான் தரலேன்னா என்ன பண்ணுவே?"

"தெரியலை, மதினி."

"தருவேன்னு எப்படித் தெரியும்?"

"அதுவும் தெரியலை."

"தெரியாமத்தான் வந்து நிக்கிறியா!" மூக்காயிக்குக் கோபமா, அழுகையா, குரல் எப்படியோ வந்தது. அவள் வீட்டு வாசலில் சோழி வந்த நாள் முதல் சோழியை நம்பித்தான் எல்லாரும் வந்து நின்றார்கள். அவளை நம்பி ஒருத்தி வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

பையிலிருந்த கையை எடுத்தாள். கிண்ணத்தை வாங்கி, ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, வழிய வழிய ஊற்றினாள். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து ஒரு அதட்டு அதட்டினாள்:

"என்னத்தை வேடிக்கை பாக்குறீங்க? ஏனத்தை நீட்டுங்கடி! எவளாவது சோழியை எடுத்தீங்க, கரண்டியால போடுவேன்!"

ஊர் சிரித்தது. வரிசையாகக் கிண்ணங்கள் வந்தன. பூனைகூட ஒரு சிரட்டையைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது.

எல்லாம் முடிந்தபிறகு மூக்காயி அந்தச் சோழிகளைக் கயிற்றில் கோத்துக் காரியின் கழுத்தில் கட்டினாள். அது தலையை ஆட்டிப் பார்த்தது. கலகலவென்றது. "இப்பத்தான் இதுக்கு ஒரு உபயோகம் வந்துருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்மாய்த் தண்ணீரில் போய்ப் படுத்துக்கொண்டது.

பூவாயி வளர்ந்து பெரியவளாகி, அவளும் பிள்ளை பெற்றாள் என்று சொல்வார்கள்.

பாலுக்கு இன்றைக்கும் விலை உண்டு. தயிருக்கும் நெய்க்கும் விலை உண்டு. ஆனால் எந்தத் தெருவிலும், பேச்சுவார்த்தை இல்லாத வீடாகவே இருந்தாலும், கிண்ணத்தோடு வந்து "கொஞ்சம் உறைமோர்" என்று ஒருத்தி நின்றால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. விலையும் சொல்வதில்லை. வேலங்கரையில் மூக்காயி பையிலிருந்து கையை எடுத்தாளே, அன்று முதல்தான்.