மாசானம் உட்கார்ந்த இடம்

வெட்டுவான்குளத்துக்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ பேசுவார்கள். அதையெல்லாம் நம்பாதீர்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, பொய் சொல்ல மாட்டார்கள், ஒரு காரியத்தை எடுத்தால் அரைகுறையாக விடவும் மாட்டார்கள். அறிவு ஒன்றுதான் கொஞ்சம் தாமதமாக வரும். சில நாட்களில் வராமலே இருந்துவிடும்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் வீட்டுக்குப் புதுச்சாமான் வந்தாலும் ஊர் சார்பில் மூன்று பேர் வந்து பரீட்சை செய்து, 'தேறிட்டு' என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர் அதைப் பயன்படுத்தலாம். முன்பு ஒருவர் மிக்சி வாங்கி, மூடி போட மறந்து ஓடவிட்டு, அந்தக் குடும்பமே ஏணி மேல் ஏறி நின்று உத்தரத்திலிருந்து சட்னியைத் தொட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டதாம். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு.

இப்போது மாசானத்தின் கதைக்கு வருவோம். ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரே ஆள் அவர்தான். எல்லோருக்கும் கரண்டு பில் கட்டுவார், பஸ் டிக்கெட் எடுப்பார், கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுப்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மர முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய இடுப்பு போயே போய்விட்டது. எழுந்து நின்றாலும் பாதி உட்கார்ந்த மாதிரியே இருப்பார். மனைவி செண்பகவடிவு தைலம் தேய்த்துத் தேய்த்து அவள் கை வலிக்க ஆரம்பித்தது. அந்தக் கைக்கு மாசானம் குனிந்து உட்கார்ந்து தைலம் தேய்த்ததில் அவர் இடுப்பு இன்னும் மோசமானது.

கடைசியில் அவர் கம்ப்யூட்டரிலேயே தேடி, இருப்பதிலேயே விலை குறைந்த ஒரு கேமிங் நாற்காலியை வரவழைத்தார். சிவப்பும் கறுப்புமாகப் பளபளத்தது. கழுத்துக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை, கீழே ஐந்து சக்கரம். கொண்டுவந்த வண்டிக்காரரே துண்டுகளைப் பூட்டி நிறுத்திவிட்டு, "ஒரு வாரத்துக்குள்ள பிடிக்கலைன்னா சொல்லுங்க சார், வந்து எடுத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசானத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்க நாக்கில் எச்சில் ஊறியது. சாப்பாட்டைப் பார்த்து நாக்கு ஊறுவது போல் அவருக்கு இடுப்பே ஊறியது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறதே. மூன்று பேரும் 'தேறவில்லை' என்று சொல்லிவிட்டால் நாற்காலி வண்டியேறிவிடும், அவர் மறுபடியும் முக்காலியில் ஏற வேண்டியதுதான். சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஆள் அனுப்பினார்.

பரீட்சைக்காரர்கள் வந்தார்கள். முதலாமவர் நல்லசிவம் அண்ணாச்சி, பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எதையும் யோசித்துத்தான் சொல்வார், யோசிப்பது முகத்தில் நன்றாகத் தெரியும். அடுத்தவர் உலகநாதன், எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவர். மூன்றாமவர் பலவேசம், கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். ஊரிலேயே கனமான ஆள்.

உலகநாதன் நாற்காலி வந்த பெட்டிக்குள் கிடந்த தாளை எடுத்து உரக்கப் படித்தார். "நாற்காலியில் முதல்முறை உட்காருமுன் எல்லா போல்ட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளவும்."

"இறுக்கமா இருக்கான்னு எப்படிவே தெரியும்?" என்று கேட்டார் பலவேசம்.

நல்லசிவம் யோசித்தார். "கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். கழட்ட கஷ்டமா இருந்தா இறுக்கமா இருந்திருக்குன்னு அர்த்தம்."

ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார்கள். எல்லாமே கஷ்டமாகத்தான் கழன்றன. எல்லோருக்கும் பரம திருப்தி. நாற்காலி தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

"அண்ணாச்சி, இப்ப இறுக்கமா இல்லையே" என்றார் மாசானம் மெதுவாக.

அது நியாயமான பேச்சுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு, மறுபடியும் பூட்டினார்கள். பூட்டி முடித்ததும், இப்போது இறுக்கமாக இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தது. கழற்றிப் பார்த்தார்கள். நல்ல இறுக்கம். மறுபடி பூட்டினார்கள். அன்றைய பொழுது இப்படியே போயிற்று. சாயங்காலம் செண்பகவடிவு காப்பி கொண்டுவந்து, "அண்ணாச்சி, கழட்டினது போதும், பூட்டினபடி இருக்கும்போதே நிறுத்திக்கிடுங்க" என்று சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கும் கழற்றிக்கொண்டுதான் இருப்பார்கள்.

மறுநாள் இன்னொரு சிக்கல். "இது விளையாட்டுக்கு உள்ள நாற்காலி. அப்ப விளையாடித்தானே பாக்கணும்?" என்றார் உலகநாதன்.

நாற்காலி வைத்து ஆடுகிற ஆட்டம் ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பாட்டுப் போட்டு, சுற்றிச் சுற்றி ஓடி, பாட்டு நின்றதும் உட்காருவார்களே, அதுதான். பாட்டுக்குச் செண்பகவடிவைக் கூப்பிட்டார்கள். அவளுக்குத் தெரிந்தது தாலாட்டு மட்டும்தான். அதையே பாடினாள். மூன்று பெரிய மனிதர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டே நாற்காலியைச் சுற்றினார்கள்.

திடீரென்று உலகநாதன் கையைத் தூக்கினார். "நிறுத்துங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு நாற்காலியை எடுக்கணும்லா? அதுதானே சட்டம்?"

சட்டம் சட்டம்தான். இருந்த ஒரு நாற்காலியையும் எடுத்து மாசானத்திடம் கொடுத்து ஓரமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுபடி பாட்டு, மறுபடி சுற்று. பாட்டு நின்றது. மூவரும் பாய்ந்தார்கள். உட்கார இடமில்லை. பலவேசம் மட்டும் தரையில் உட்கார்ந்தார், அதையும் வேண்டுமென்று செய்யவில்லை.

"மூணு பேரும் தோத்தாச்சு" என்றார் நல்லசிவம், வேட்டியைத் தட்டிக்கொண்டே. "அப்ப ஜெயிச்சது நாற்காலிதான். விளையாட்டுல கெட்டிதான். அதுல குத்தம் சொல்ல முடியாது."

மாசானத்துக்கு அப்படியே மகிழ்ச்சி பொங்கியது. இத்தனை நேரம் நாற்காலியைத் தூக்கிப் பிடித்ததில் இடுப்பு சுளீரென்றது, அதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

அடுத்து பலம். நூற்றிருபது கிலோ வரை தாங்கும் என்று தாளில் போட்டிருந்தது. பலவேசத்தை அரிசி ஆலைத் தராசில் ஏற்றினார்கள். தொண்ணூற்றேழு. சரி, மடியில் ஒரு அரிசி மூட்டையை வைத்தால் போகிறது என்று இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டு கிலோ அதிகம்.

"மூட்டையில ரெண்டு கிலோவை எடுத்துட்டா என்ன?" என்றார் மாசானம்.

மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "தைச்ச மூட்டையைப் பிரிச்சா அது மூட்டையாவே? சில்லறை அரிசி" என்றார் நல்லசிவம். "குறைக்கதுன்னா பலவேசத்தைத்தான் குறைக்கணும்."

பலவேசம் ஊருக்காகப் பட்டினி கிடந்தார். ஒரு கல்யாண வீட்டில் வாழைக்காய் வறுவலை வறுத்து, ஒன்றைக்கூட வாயில் போடாமல் கண்ணீரோடு திரும்பி வந்தார். அங்கே உப்புப் பார்க்காமல் வைத்த சாம்பாரைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். எப்படியோ இரண்டு கிலோ இறங்கினார். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி அசையவில்லை, ஒரு முனகல்கூட இல்லை.

மாசானம் கைதட்டப் போனார். உலகநாதன் தடுத்துவிட்டார். "பொறும்வே. மூட்டையைத் தாங்குதது யாரு? பலவேசம். நாற்காலி பலவேசத்தை மட்டும்தானே தாங்குது?"

எல்லோரும் அசந்துபோனார்கள். உடனே மூட்டையை நாற்காலியில் வைத்து அதன் மேல் பலவேசத்தை ஏற்றினார்கள். இப்போது பலவேசத்தைத் தாங்குவது மூட்டை. இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "மூட்டையும் பலசாலி, பலவேசமும் பலசாலி. நாற்காலியைப் பத்தி இப்போதைக்கு ஒண்ணும் சொல்லதுக்கில்லை" என்று நல்லசிவம் ஒத்திவைத்தார். பலவேசம் நேராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவர் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

இப்படியே கடைசி நாள் வந்துவிட்டது. தேறாவிட்டால் எடுத்துப் போகட்டும் என்று நல்லசிவம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் சாயங்காலம் வண்டி வரும். அதற்குள் சுகம் எப்படி என்று பார்த்தாக வேண்டும்.

உலகநாதன் படித்தார். "நாள் முழுதும் உழைத்துக் களைத்த முதுகுக்கு ஏற்றது."

"என் முதுகு களைச்சுத்தான் இருக்கு. என்னை உக்கார விடுங்க அண்ணாச்சி" என்றார் மாசானம். ஒரு வாரமாக அடக்கி வைத்த ஆசை குரலிலேயே தெரிந்தது.

"உம்ம முதுகு வலிக்கு. ஆனா உழைக்கலையே? உக்காந்துதானே இருந்துது?" என்றார் நல்லசிவம்.

அதுவும் சரிதான் என்று மாசானத்துக்கே பட்டது. பின்பக்கம் செங்கல் குவியல் ஒன்று கிடந்தது. அதை வேலியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டுபோய் அடுக்கினார். அடுக்கி முடித்ததும், அங்கே இருந்தால் செண்பகவடிவுக்குத் துணி காயப்போட இடைஞ்சல் என்று பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தார். மத்தியானத்துக்கு மேல் அவரால் நிற்கவே முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் போட்டார்கள்.

ஆஹா! அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல. இடுப்புத் தலையணை இடுப்பில் பதமாகப் பொருந்தியது. கழுத்து தானாகச் சாய்ந்தது. எத்தனையோ நாளாக விடாமல் குடைந்த வலி மெல்ல விலகிப் போவது மாசானத்துக்குத் தெரிந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

உலகநாதன் தாளின் கடைசி வரியைப் படித்தார். "இதில் உட்கார்ந்தால் உட்கார்ந்திருப்பதே தெரியாது."

"மாசானம், உக்காந்திருக்கது தெரியுதா?" என்று கேட்டார் நல்லசிவம்.

"தெரியுது அண்ணாச்சி."

மூவர் முகமும் இருண்டது. "தெரியுதுன்னா கம்பெனிக்காரன் பொய் சொல்லியிருக்கான்" என்றார் உலகநாதன்.

 "இருங்க அண்ணாச்சி, இன்னும் கொஞ்ச நேரம் பாத்துச் சொல்லுதேன்" என்று மாசானம் கெஞ்சிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உட்கார்ந்திருப்பதை மறக்கப் பாடுபட்டார். பாடுபட்டுக்கொண்டே நன்றாகத் தூங்கிவிட்டார். குறட்டை வாசல் வரை கேட்டது.

மூவரும் அவரைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். பிறகு பலவேசம் தோளைப் பிடித்து உலுக்கினார். "வே மாசானம்! இவ்வளவு நேரம் உக்காந்திருந்தது தெரிஞ்சுதா?"

"ஒண்ணுமே தெரியலை!" என்றார் மாசானம், பூரித்துப்போய். "நாற்காலி, வீடு, இடுப்பு எதுவுமே தெரியலை! அப்படி ஒரு சுகம்!"

தேறிவிட்டது என்று அவர் நினைத்தார். நல்லசிவம் யோசித்தார். வழக்கத்தைவிட அதிகமாக யோசித்தார்.

"ஒரு மனுஷன் உக்காந்திருந்தா அவனுக்குத் தெரியாம இருக்குமா? தெரியலைன்னு அவரே சொல்லுதாரு. அப்ப இந்த நாற்காலியில அவரு உக்காரவே இல்லை."

"நாம பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்?" என்றார் பலவேசம்.

"உக்காந்த ஆளுக்கே தெரியாதது நமக்கு எப்படிவே தெரியும்?"

  மாசானம் தலையைச் சொறிந்தார். "ஆனா அண்ணாச்சி, சுகமா இருந்தது நிஜம். இதுல உக்காரலைன்னா நான் எங்கதான் உக்காந்திருந்தேன்?"

"வேற எங்கேயோ உக்காந்திருக்கீரு" என்றார் உலகநாதன். "அந்த இடத்தைக் கண்டுபிடிச்சிட்டா இந்த நாற்காலியே வேண்டாம். திருப்பிக் கொடுத்துரலாம்."

 அப்பேர்ப்பட்ட இடம் இந்த ஊரிலேயே இருக்கிறதென்றால் மாசானத்துக்கு வேறென்ன வேண்டும்! உடனே எழுந்தார். செங்கல் சுமந்த இடுப்பு ஒத்துழைக்கவில்லை, பொத்தென்று விழப் பார்த்தார்.

"உம்மால நடக்க முடியாது. வசதியா சக்கரம் இருக்கு, இதுலேயே இரும், தள்ளிட்டுப் போறோம்" என்றார் பலவேசம்.

தள்ளிக்கொண்டு போனார்கள். முதலில் குளத்துப் படிக்கட்டு. மாசானத்தை இறக்கி உட்காரவைத்து, "தெரியுதா?" என்றார்கள். "தெரியுது, நல்லாவே தெரியுது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மறுபடி நாற்காலியில் ஏற்றினார்கள். பஸ் நிற்கும் இடத்துச் சிமெண்டு பெஞ்சு. அதுவும் தெரிந்தது. அரிசி ஆலைத் தராசு. தெரிந்தது, எடையும் தெரிந்தது. ஒவ்வொரு இடமாக இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றி ஊர்க்கோடி வரை வந்துவிட்டார்கள். மாசானம் முன்னால் எட்டிப் பார்த்து, "அந்தப் பாறையில பாப்போமா அண்ணாச்சி?" என்று கேட்டவர், பாறை வருவதற்குள் தலை சாய்ந்து தூங்கிப்போனார்.

எதிரே கம்பெனி வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் இறங்கி, "சார், ரிட்டர்ன் எடுக்க வந்தேன். உங்க வீட்டம்மா இந்தப் பக்கம்தான் போனீங்கன்னு..." என்று ஆரம்பித்தார்.

நல்லசிவம் உதட்டில் விரல் வைத்தார். "சத்தம் போடாதீரும். நாற்காலியைக் கட்டாயம் திருப்பித் தந்திருவோம். ஆனா இவரு உக்காந்திருந்த இடம் கிடைக்கட்டும். அது வரைக்கும் தேடதுக்கு இது வேணும்."

வண்டிக்காரர் நாற்காலியைப் பார்த்தார். வாயைத் திறந்து குறட்டை விடும் மாசானத்தைப் பார்த்தார். மூன்று பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"மெதுவா தள்ளும்வே, முழிச்சிரப் போறாரு" என்றார் நல்லசிவம். "பாவம், உக்கார ஒரு இடம் கிடைக்காம மனுஷன் எப்படி அலைஞ்சு களைச்சுப்போயிட்டாரு, பாரும்."