கல்லில் உட்கார்ந்தவள்

கொல்லிமலை அடிவாரத்தில் பெண்களுக்கென்று ஒரு மடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மனம் தடுமாறிய சந்நியாசினி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். விடியலில் போய் முற்றத்தில் கிடக்கும் கற்பலகையில் தனியாக உட்கார்ந்தால் போதும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. நல்ல வழக்கம்தான். கேட்காமலே இருப்பதில் எல்லோருக்கும் ஒரு சௌகரியம் இருக்கிறதல்லவா?

தையல்நாயகி அந்த மடத்தில் வயதில் மூத்தவள். ஒரு வருஷமாகத் தினமும் அந்தக் கல்லில் உட்கார்ந்தாள். தடுமாற்றத்துக்கு யாராவது இவ்வளவு காலம் உட்காருவார்களா, இது தவம்தான் என்று மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். இளையவர்கள் அவள் காலில் விழ ஆரம்பித்தார்கள். அவள் கூனிக் குறுகிப் போனாள்.

ஒருநாள் மத்தியானம் வெள்ளைப் புடவை கட்டி, காவிப் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு குரு மங்கையர்க்கரசியின் அறைக்கு வந்தாள். குரு அவளைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"இதை வாங்கிக்கங்கம்மா. நான் வெள்ளைப் புடவையிலயே ஊருக்குப் போறேன்."

"உக்காருங்க."

"உக்கார முடியாதும்மா."

குரு எழுந்தார். "அப்ப நின்னுக்கிட்டே பேசுவோம். என்ன ஆச்சு?"

தையல்நாயகி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கீழ... பொம்பளை வெளிய சொல்லாத எடத்துல. ஆசை வந்தாப்புல துடிக்குது. அரிசி பொடைக்கும்போது, பாட்டுப் பாடும்போது, தூக்கத்துல. ஓயவே மாட்டேங்குது."

"ஆசை இருக்கா?"

"சத்தியமா இல்ல. ஒரு முகம் நெனப்புல வரல. செத்துப்போன வீட்டுக்காரரைக்கூட நெனைக்கல. வெறுப்பாத்தான் இருக்கு. இந்த வயசுல இப்படியான்னு காறித் துப்ப மாட்டாங்களா? அலுத்துப்போச்சும்மா. ஒரு ராத்திரியாவது நல்லாத் தூங்கினாப் போதும்."

வெளியே யாருக்கோ விக்கல் எடுத்தது. "யாரோ உன்னை நெனைக்கிறாங்கடி" என்று இன்னொருத்தி கேலி செய்தாள்.

"கேட்டீங்களா?" என்றார் குரு. "அவசரமா சோத்தை அள்ளிப் போட்டுக்கிட்டா விக்கல். அதுக்கு எங்கேயோ ஒருத்தர் நெனைக்கணும். கண்ணு துடிச்சா நல்லது வரணும். உடம்பு என்ன பண்ணாலும் அதுல ஒரு சேதி எடுத்துக்கிறோம்."

"விக்கலும் இதுவும் ஒண்ணாம்மா?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்டக் கேப்போம். எப்ப அதிகமாகுது?"

"உக்காந்தா."

"எப்பக் கொறையுது?"

"கொஞ்சம் நடந்தா. ஒருக்களிச்சுப் படுத்தா."

"அப்புறம் ஏன் தினமும் அந்தக் கல்லுல உக்காந்தீங்க?"

"தப்புப் பண்ணவ உக்காரணும்னுதானே நம்ம வழக்கம்."

விடியலில் அவளை அங்கே பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்து போனவர்களில் குருவும் ஒருவர்.

"நானும் தவம்னுதான் நெனச்சேன்" என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் நாமக்கல்லில் ஒரு பெண் டாக்டரிடம் போனார்கள். தையல்நாயகி காவி உடுத்த மறுத்துவிட்டாள். குரு அதைத் தன் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் இடம் இருந்தும் இருவரும் நின்றுகொண்டே போனார்கள். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

டாக்டர் பரிசோதித்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள், எப்போதாவது கீழே விழுந்தாளா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"இது ஆசை இல்லம்மா. நோய். இடுப்புக்குக் கீழ போற நரம்பு நசுங்கினா இப்படி வரலாம். சில மாத்திரையாலயும் வரலாம். உங்களுக்கு எதனாலன்னு பாத்துடுவோம். வேற பொம்பளைங்களுக்கும் வருது, யாரும் வாயைத் திறக்கறதில்ல."

ஐஸைத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். இறுகிய தசையைத் தளர்த்தப் பயிற்சி, நரம்புக்கு மாத்திரை, மலச்சிக்கல் வராத சாப்பாடு. முக்கியமாக, கல்லில் உட்காரவே கூடாது.

"போயிடுமா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"கொறைக்கலாம். சிலருக்குப் போயிடும். நிச்சயமாப் போயிடும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

வெளியே வந்து மருந்துக் கடை வாசலில் நின்றார்கள். தையல்நாயகி அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"பாவம் இல்லன்னு தெரிஞ்சா நின்னுடும்னு நெனச்சேம்மா. இப்பவும் துடிக்குது."

"துடிக்கட்டும்."

"போகலைன்னா?"

"போகலைன்னா இருக்கும். கஷ்டமாத்தான் இருக்கும். மருந்தைச் சாப்பிடுங்க. படுத்துக்கிட்டே தியானம் பண்ணுங்க."

"எல்லாரும் உக்காந்திருக்கையில நான் மட்டும் படுத்துக்கிட்டா? பாக்குறவங்க என்ன சொல்வாங்க?"

"கால்ல விழுறதை நிறுத்திடுவாங்க."

தையல்நாயகிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் வரவில்லை. குருவின் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி ஓயாம துடிக்கிற உடம்புல அந்தத் துணியைக் கட்டலாமாம்மா?"

குரு பையைத் திறந்து காவிப் புடவையை எடுத்தார். அவள் கையில் வைத்தார்.

"உடம்பு இல்லாதவங்களுக்கு யாரு துணி நெய்யுறா?"