மாசானத்தின் உயரம்

முதுகு வலி என்று வர்ம ஆசானைத் தேடி வந்தார் தாணுலிங்கம். வந்து நாற்பது நாள் ஆயிற்று, திரும்பிப் போகவில்லை. தைலம் கிண்டினார், தண்ணீர் சுமந்தார், சீடராகவே ஆகிவிட்டார். ஆசான் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். வீட்டில் தாணுலிங்கத்தைத் தேட ஆளில்லை.

ஊர்க்கோயிலில் சாமி தூக்குகிறவர் அவர். முப்பது வருடமாகச் சப்பரத்தின் முன்தண்டில் அவர் இடம் மாறியதில்லை. இப்போது வலது தோள் நான்கு விரல்கடை இறங்கிக் கிடந்தது. விடிகாலையில் கெண்டைக்கால் குறக்களி பிடித்து, தசை சுருண்டு இழுத்தது.

இன்னும் எட்டு நாளில் திருவிழா. நிமிர்ந்து வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“எட்டு நாள்ல நிமிர்த்தித் தாரும், ஆசானே. எண்ணெய் கூடப் போடும், அமுக்கிப் பிடியும். கத்த மாட்டேன்.”

“இது என்ன கருவாட்டு விலையா, அண்ணாச்சி, பேரம் பேச?”

“தண்டை விட்டா எனக்கு என்ன இருக்கு? அந்த ஒரு நாள்தான் நாலு பேரு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுதாங்க.”

ஆசான் அவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் விரலை ஓட்டினார். எலும்பு நேராகத்தான் இருந்தது. எழுந்து இரண்டு அடி வைத்ததும் தோள் பழையபடி இறங்கியது.

ஆசான் ஒரு மூங்கிலை எடுத்துவந்து நடுவில் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டார். ஒரு முனையைத் தாணுலிங்கத்தின் வலது தோளில் வைத்தார். மறுமுனையைத் தம் இடது தோளில் ஏற்றிக்கொண்டார். இருவரும் ஒரே உயரம். பக்கம் பக்கமாக நடந்தார்கள்.

முற்றத்தில் பாதிகூடச் சுற்றவில்லை. குடம் தாணுலிங்கத்தின் பக்கம் வழுக்கி வந்து அவர் காலை நனைத்தது.

“என்ன ஆசானே, இப்படி விறைச்சுக்கிட்டு நடக்கீரு? கொஞ்சம் இறங்கி வாரும். எல்லாம் என் மேல சரியுது.”

“நான் என் உயரத்துக்கு நடக்கேன். நீரு யாரு உயரத்துக்கு நடக்கீரு?”

தாணுலிங்கம் நின்றுவிட்டார். ஆடிய குடத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“மாசானம்,” என்றார். “தண்டுல என் ஜோடி. குள்ளப் பய. உயரம் பாத்துத்தான் ஜோடி போடுவாங்க. நாங்க பிரிய மாட்டோம்னு ஒத்தக்கால்ல நின்னோம். சாமி சரியக் கூடாதே, நான் தோளை இறக்கிக் கொடுப்பேன். அவன் ஏசுவான். ‘என்னைக் கொண்டுபோயி பனைமரத்தோட பூட்டிட்டானுவ’ன்னு.”

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“அவரு இப்ப எங்க?”

“செத்து மூணு வருஷம்.”

“இப்ப உள்ள ஜோடி?”

“என் உயரந்தான். அவன்கூட எனக்குப் பேச்சு ஒண்ணும் கிடையாது.”

ஆசான் குடத்தை நடுவுக்குத் தள்ளினார். உள்ளங்கையால் அந்தத் தாழ்ந்த தோளை மெல்ல ஏந்தினார். தோள் எழுந்தது. மூங்கில் மட்டமாயிற்று. கையை எடுத்த பிறகும் தோள் இறங்கவில்லை.

தாணுலிங்கம் மட்டும் அடியெடுத்து வைக்கவில்லை. பக்கத்தில், ஆசானின் நெஞ்சளவில், வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் நிமிர்ந்துட்டா, அவனுக்கு யாரு ஆசானே குனிவா?”

“அவரு வந்தா நான் குனியுதேன். நீரு நடந்து வாரும்.”