பத்து மடங்கு உரம்

மாந்துறைச் சீமையை ஆண்ட செங்கமல பூபதிக்கு அரண்மனை முற்றத்துப் புல்தரை என்றால் கொள்ளை ஆசை. அவரைத் தவிர யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. ஒருமுறை அந்தப் புல்லுக்கு ஒரு வண்டி கோழி எரு போட்டார்கள். புல் பச்சைப்பசேலென்று செழித்துவிட்டது. பூரித்துப்போன அரசர், விவசாய மந்திரி தாண்டவராயரைக் கூப்பிட்டு, பத்து வண்டி போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்.

தாண்டவராயர் வயலில் இறங்கியவர் அல்ல. ஆனால் பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தவர். பத்து மடங்கு பச்சை என்று உடனே கணக்குச் சொன்னார்.

பத்து வண்டி கொட்டினார்கள். சில நாளில் புல் பழுத்துக் கருகியது. நல்லவேளையாக அந்த அரண்மனையில் அறிஞர்களுக்குக் குறைவில்லை. அரண்மனைச் சோதிடர், இது பழுப்பு அல்ல, பொன்னிறம், நாட்டுக்குப் பொற்காலம் வருகிறது என்றார். தாண்டவராயரோ, உரம் இன்னும் போதவில்லை என்றார். அரசருக்கு இரண்டுமே பிடித்துப்போயின. பௌர்ணமிக்குள் நாட்டில் எல்லா வயலுக்கும் பத்து மடங்கு எரு போட வேண்டும், மறுத்துப் பேசினால் சிறை என்று முரசு அறைந்தார்கள்.

அரசவையில் வேடிக்கையாகப் பேசிப் பிழைத்துவந்தவர் அம்பலத்தாடி. அவர் வீட்டு வாசலுக்குக் குருவம்மாள் என்ற குடியானவப் பெண் வந்து நின்றாள்.

"சாமி, எங்க வயலுக்குப் போன கோடையிலதான் குளத்து வண்டல் அடிச்சோம். மண்ணு கொழுத்துக் கிடக்கு. இதுக்கு மேல எருவைக் கொட்டினா நெல்லு வெந்து போயிடும். வருசம் பூரா எதைத் தின்கிறது?"

அம்பலத்தாடிக்கும் சிறைக்குப் போக ஆசையில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனார். சமையற்காரர் முதலில் மறுத்தார். பழி தன் தலையோடு போகும் என்று அம்பலத்தாடி சத்தியம் செய்த பிறகே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் அரசரின் பிறந்தநாள் விருந்து. மிளகு ரசம் என்றால் அரசருக்கு உயிர். மற்றவர்கள் குடித்துப் புகழ்வதைக் கேட்டுவிட்டுத்தான் தாம் குடிப்பார். தாண்டவராயர் ஒரு வாய் குடித்தார். கண்கள் சிவந்தன. அமிர்தம் என்றார். சோதிடருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று துடைத்துக்கொண்டார்.

அரசர் குடித்தார். குடித்த வேகத்தில் துப்பினார். சமையற்காரரை இழுத்துவரச் சொன்னார். அம்பலத்தாடி எழுந்து கைகூப்பினார்.

"அவர் மேல் குற்றமில்லை பிரபு. நேற்று ஒரு கை உப்புப் போட்டார், ரசம் நன்றாக இருந்தது. இன்று நான்தான் பத்துக் கை போடச் சொன்னேன். பத்து மடங்கு ருசி வர வேண்டும். மந்திரியாரின் கணக்கு அது."

அரசர் சன்னல் வழியாகக் கருகிய புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அப்படியானால் எந்த வயலுக்கு எவ்வளவுதான் போடுவது என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏற்கெனவே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்த்துத்தானே மேலே போடுகிறோம் பிரபு? நிலமும் அப்படித்தான். வண்டல் மண்ணுக்கு ஒரு கூடையே அதிகம். மணல் பூமிக்கு நாலு வண்டி வேண்டியிருக்கும். விதைத்தவர்கள் பார்த்துப் போடட்டும்."

அரசர் அங்கேயே ஆணையை ரத்து செய்தார். இருந்தாலும் மனம் ஆறவில்லை. வயல்களுக்கென்று சேர்த்த எரு மலைபோல் குவிந்து கிடக்கிறதே என்று கவலைப்பட்டார்.

"ஏன் அம்பலத்தாடி, உரம் குறைந்த இடம் இந்த நாட்டில் ஒன்றுகூடவா இல்லை?"

"இருக்கிறது பிரபு, இந்தப் பந்தியிலேயே இருக்கிறது. ரசம் உப்புக் கரிக்கிறது என்று சொல்லக்கூட நெஞ்சில் உரம் இல்லையே."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். அரசர் சிரித்ததால் மந்திரிகளும் சிரித்தார்கள்.