வெற்றிக்குப் பிறகு வந்த பயம்

"அம்மையே, என் உயிரைக் காப்பாற்றியவனை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. ஏன்?"

கேட்டவன் எயினன், ஆற்றின் தென்கரைத் தலைவன்.

துறவி அருமணியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரைச் சொல்கிறாய்?"

"வடகரை மாசாத்தனை."

கொடிய மன்னன் ஒருவனை எதிர்த்து இருவரும் மூன்று ஆண்டுகள் சேர்ந்து போரிட்டவர்கள். எயினன் அம்பு பட்டு விழுந்தபோது, மாசாத்தன்தான் அவனைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தான்.

மன்னன் செத்தான். ஆளுக்கொரு கரையை எடுத்துக்கொண்டார்கள்.

"நிலம் ஊருக்குப் பொது என்கிறேன் நான். உழுகிறவனுக்கே சொந்தம் என்கிறான் அவன். என் ஜனங்களிடமே ஆள் அனுப்பி அதைப் பேச வைக்கிறான்."

"நீ ஆள் அனுப்பவில்லையா?"

"நானும்தான் அனுப்பினேன்."

"போர்க்காலத்தில் நிலத்தைப் பற்றி இருவரும் பேசியதுண்டா?"

"இல்லை. மன்னனை எங்கே மடக்கலாம், எப்படிப் பிடிக்கலாம் என்றுதான் பேசுவோம்."

"மன்னன் போன பிறகு?"

"பேச ஒன்றுமில்லாமல் போயிற்று."

அருமணியார் பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டார்.

எயினன் பொறுக்க முடியாமல் மேலே சொன்னான்.

"அக்கரையில் புகை தெரிந்தால் படை வந்துவிட்டது என்று ஓடுகிறேன். போய்ப் பார்த்தால் அடுப்புப் புகை. சோற்றை முதலில் நாய்க்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்கிறேன். அவன் மதில் கட்டுகிறான், நானும் கட்டுகிறேன். முந்திக்கொண்டு நாமே பாய்ந்துவிடலாம் என்கிறார்கள் என் தளபதிகள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்."

"நேற்று மாசாத்தன் இங்கே வந்தான்."

எயினன் துள்ளி எழுந்தான்.

"எதற்கு?"

"நீ கேட்டதைத்தான் கேட்டான். அவனுக்கும் சோறு இறங்கவில்லையாம்."

"எத்தனை ஆட்களோடு வந்தான்?"

"தனியாக."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"எயினனிடமே போய்ப் பேசு என்றேன். சரி என்று கிளம்பினான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்."

"ஏன்?"

"'நான் போனால் எயினன் என்னை வெட்டிவிட மாட்டானே?' என்று கேட்டான்."



"அதற்கு என்ன சொன்னீர்கள்?"

அருமணியார் வாளின் பிடியை இறுகப் பற்றியிருந்த எயினனின் கையைப் பார்த்தார்.

அப்போதுதான் எயினனும் அதைப் பார்த்தான்.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.