குளக்கரையில் உட்காரத் தடை

காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. தினமும் காலையில் யானை அதில் இறங்கிக் குளிக்கும். குளித்து முடித்தால் தண்ணீர் முழுவதும் சேறாகிவிடும். அது தெளிய இரண்டு நாழிகை ஆகும். அதுவரை மற்ற விலங்குகள் கரையில் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. மருத மரத்தடியில் ஒரு தட்டையான பாறை இருந்தது. பக்கத்தில் மூன்று மரக்கட்டைகள் கிடந்தன. முயல் கட்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மலைமேலிருந்து இறங்கி வரும் மிளா மான், அப்போது நிறைசினை. களைப்புத் தீர அது பாறையில் கால் மடக்கிப் படுத்துக்கொள்ளும்.

கடைசிக் கட்டையில் மட்டும் ஒரு கிழட்டுக் கரடி நாள் முழுக்கப் படுத்திருக்கும். அதன் குகை மழையில் இடிந்துவிட்டது. போக வேறு இடம் இல்லை.

"இதைப் பார்த்தால் எனக்குத் தண்ணீரே இறங்கவில்லை!" என்றது மயில்.

"குறட்டை வேறு! காது கிழிகிறது!" என்றது குரங்கு.

இரண்டும் நரியிடம் போய்ப் புகார் செய்தன. சிங்கராஜா நரியைத்தான் கரைக்குக் காவலராக வைத்திருந்தார். புகாரைக் கேட்டதும் நரிக்கு வாயெல்லாம் பல்.

"கரடியைத் துரத்தினால் நமக்குக் கெட்ட பெயர். கட்டையைத் துரத்திவிட்டால்?" என்றது.

அன்றே நரியின் ஏவலில் காட்டுப்பன்றிகள் வந்தன. மூன்று கட்டைகளையும் உருட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் தள்ளின. நரி பாறையின் மேல் களிமண்ணைப் பூசியது. முள்ளம்பன்றி உதிர்த்த முட்களைப் பொறுக்கி வந்து அதில் வரிசையாக நட்டது.

"இது எதற்கு நரியாரே?" என்று கேட்டது முயல்.

"அழகுக்கு!"

"நாங்கள் எங்கே உட்காருவது?"

"எதற்கு உட்கார வேண்டும்? வந்தோமா, குடித்தோமா, போனோமா என்று இருங்கள்!"

"தண்ணீர் தெளிய வேண்டாமா?"

"நில்லுங்கள்! தரையில் உட்கார்ந்தால் புல் கெட்டுவிடும், அதுவும் கூடாது. நிற்க முடியாதவர்கள் இதில் சாய்ந்துகொள்ளலாம்!"

நரி காட்டியது, குறுக்கே கட்டிய ஒரு மூங்கில். அது முயலின் தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் இருந்தது. கேட்டீர்களா அநியாயத்தை!

கட்டை போனதும் தரையில் கிடந்த கரடி எழுந்து, மெல்ல மலைப்பக்கம் நடந்தது. "கரை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது!" என்று மயில் தோகையை விரித்தது. குரங்கு கைதட்டியது.

முதல் நாள் மிளா இரண்டு நாழிகையும் நின்றே பார்த்தது. கால்கள் வீங்கிப்போயின. மறுநாள் நிற்க முடியாமல் சேற்றுத் தண்ணீரையே குடித்துவிட்டுப் போனது. இரவெல்லாம் வயிற்று வலி. மூன்றாம் நாளிலிருந்து அது வரவே இல்லை.

யாராவது கேட்டார்களா, மிளா எங்கே என்று? ஒருவரும் கேட்கவில்லை! "கரையில் கூட்டம் எப்படிக் குறைந்துவிட்டது, பார்த்தீர்களா?" என்று நரி மார்தட்டிக்கொண்டது.

ஐந்தாம் நாள் காலை. யானை குளிக்க இறங்கப் போன நேரம். மலைப்பாதையில் கரடி வந்தது. அதன் தோளில் சாய்ந்தபடி மிளா தள்ளாடித் தள்ளாடி வந்தது. நாக்கு வறண்டு வெளியே தொங்கியது.

"பாதி வழியில் விழுந்து கிடந்தாள்!" என்று கரடி உறுமியது. "இரண்டு நாளாகப் பனியை நக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். என்னைத் துரத்தத்தானே இத்தனையும் செய்தீர்கள்? நான் எங்கேயாவது விழுந்து கிடப்பேன். இந்த வயிற்றோடு இவள் எங்கே உட்காருவாள்? சொல்லுங்கள்!"

குரங்கு தலையைக் குனிந்துகொண்டது. பிறகு ஒரே தாவலில் பாறைக்குப் போய், முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தது. கையெல்லாம் ரத்தம். நிறுத்தவில்லை.

"என்னால்தானே எல்லோரும் காத்திருக்கிறீர்கள்! இன்றைக்கு எனக்குக் குளியல் வேண்டாம்" என்றது யானை. தெளிந்த தண்ணீரை மிளா வயிறாரக் குடித்தது. பாறையில் போய்ப் படுத்தது. அதன் வயிற்றில் குட்டி அசைவதை எல்லோரும் பார்த்தார்கள்.

அப்புறம் யானை, தண்ணீருக்கு இறங்கும் வழியை அடைத்துக்கொண்டு தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. பக்கத்தில் கரடி உட்கார்ந்தது. முயல், முள்ளம்பன்றி, குரங்கு என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. கடைசியில் மயிலும் தோகையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"எழுந்திருங்கள்! இங்கே உட்காரக் கூடாது!" என்று நரி கத்தியது.

"முடிந்தால் எழுப்பு!" என்றது யானை.

காட்டுப்பன்றிகளை நரி திரும்பிப் பார்த்தது. அவையும் உட்கார்ந்துவிட்டன!

வெயில் ஏறியது. உச்சி தாண்டியது. நரி மட்டும் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. உட்காரக் கூடாது என்று சட்டம் போட்டதே அதுதானே! தண்ணீருக்குப் போகவும் வழியில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது.

"நானும்... கொஞ்சம் உட்காரலாமா?" என்று கடைசியில் கேட்டது.

"கூடாது! சாய்ந்து நில்!" என்று முயல் சீறியது.

மிளா பாறையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"வந்து உட்கார். ஒருத்தரை நிற்க வைத்து வேடிக்கை பார்ப்பது உன் வழக்கம், எங்கள் வழக்கம் இல்லை!" என்றது.

நரி கூனிக் குறுகி, பாறையின் ஓரத்தில் உட்கார்ந்தது. அன்று மாலைக்குள் மூன்று கட்டைகளும் கரைக்குத் திரும்பி வந்தன. தள்ளாதவர் உட்கார இடமில்லாத இடத்துக்கு எவ்வளவு அழகு இருந்தாலும், அது எல்லோருக்கும் பொதுவான இடம் ஆகாது.